பெய்லா கெர்ஷனின் சமையலறைச் சாவி

பெய்லா கெர்ஷன் கோபக்காரி என்று புனித கொலம்பா பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள், மீதிப் பேர் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டும் கிடைத்தவர்கள்தான் அதிகம். அவள் கோபத்தில் நியாயம் இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை இப்போது சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

பிறந்தது பல்கலைக்கழகம் இருக்கும் அதே மோஹாக் ஆற்றங்கரை ஊரில், அப்பாவின் இறைச்சிக் கடைக்கு மேல்மாடியில். அப்போது அந்தத் தெருவில் மட்டும் மூன்று ஜெப ஆலயங்கள் இருந்தன. இப்போது ஊருக்கே ஒன்றுதான். அதிலும் சனிக்கிழமை ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மதியமே ஃபோன் போட்டு, இன்னாருக்கு முட்டிவலி எப்படி, இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான பிறகு பெய்லா யூத முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேலை செய்தாள். இல்லத்தை மூடினார்கள். அடுத்த வருடம் கணவர் மார்வின் போய்ச் சேர்ந்தார். மகள் அரிசோனாவில். பெய்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கையில் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் யூதவியல் மையம் ஒன்றைத் தொடங்கியது. மையம் என்றால் யூத மாணவர்கள் வர வேண்டும். மாணவர்கள் வந்தால் சாப்பிட வேண்டும். யூத உணவுச் சட்டப்படி சமைக்கக் கோஷர் சமையலறை ஒன்று கட்டி, அதற்குக் கண்காணிப்பாளராக பெய்லாவை வைத்தார்கள். வேலை எளிதாகத் தெரியும்: உள்ளே வருவது எது, எந்தப் பாத்திரத்தில் எது வேகிறது, இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்பதால் இறைச்சிக் கரண்டி பால் பக்கம் போகிறதா என்று நின்று பார்ப்பது. பார்த்துவிட்டுக் கதவில் ஒட்டும் தாளில் கையெழுத்துப் போடுவது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மற்றவர்கள் வாயில் சோறு இறங்கும்.

முதல் நாளே சண்டை. பல்கலைக்கழகத்தில் எல்லா அறையிலும் சிலுவை மாட்டுவது வழக்கம். பராமரிப்பு ஆட்கள் கோஷர் சமையலறையிலும் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். பெய்லா அதைக் கழற்றி, சுத்தமான துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குருவானவர் அலுவலகத்துக்குப் போய் மேசையில் வைத்தாள். "இவருக்கு அங்க புகையா இருக்கு" என்றாள். கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க வந்தவர்கள் மறுபடியும் மாட்டினார்கள். செப்டம்பரில் அவள் மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். பத்தொன்பது செப்டம்பர் இப்படியே போனது. பெய்லாவைக் கண்டாலே ஆகாத பராமரிப்பு மேலாளர்கூட, அந்தத் துண்டு ஒவ்வொரு முறையும் புதுசு என்பதை ஒத்துக்கொள்வார்.

தாலியா என்ற பெண் பனாமாவிலிருந்து படிக்க வந்தாள். சேர்வதற்கு முன் அவள் அப்பா பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் செய்தார். சேர்க்கை அலுவலகம் நூலகத்தைப் பற்றிச் சொன்னது, விளையாட்டுத் திடலைப் பற்றிச் சொன்னது. மனிதர் எதையும் காதில் வாங்காமல் சமையலறைக்கு இணைப்புக் கேட்டார். பெய்லா எடுத்ததும் ஒரே கேள்வி.

"அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்கதானா?"

"நான்தான்."

"எப்பவுமா?"

"எனக்கு வேற போக்கிடம் இல்ல சார்."

"அப்ப அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார். அந்த "அப்ப அனுப்பறேன்" பெய்லாவின் தோளில் நான்கு வருடமாக உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

தாலியாவின் நான்காவது வருடத்தில் யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்கும் மாலையும் புனித வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. ஈஸ்டர் விடுமுறைக்குப் பெரிய உணவுக்கூடத்தை வியாழன் மதியமே பூட்டிவிடுவார்கள். ஊருக்குப் போக முடியாத யூத மாணவர்கள் இருபத்தாறு பேர், ஊரில் மிஞ்சியிருந்த கிழங்கள் பதினாறு பேர். வெள்ளி இரவு பஸ்கா விருந்துக்கு இந்த நாற்பத்திரண்டு பேருக்கும் அந்த ஒரு சமையலறையை விட்டால் கதி இல்லை. மகள் அரிசோனாவிலிருந்து, "இந்த வருஷமாவது எங்களோட வந்து உக்காரும்மா" என்றாள். "நாப்பத்திரண்டு பேர யார் தலையில கட்டிட்டு வர?" என்றாள் பெய்லா.

பஸ்காவுக்குச் சமையலறையைத் தயார் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. எட்டு நாளுக்கு வீட்டில் புளித்த மாவின் துணுக்கோ, புளிக்கக்கூடிய கோதுமை, பார்லி மணியோகூட இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்து அவள் அலமாரிகளைப் பிரித்துப் போட்டாள். பல்குத்தும் குச்சியால் அடுப்பின் திருகுகளைச் சுரண்டினாள். வருடம் முழுவதும் புழங்கிய பாத்திரங்களைத் தனி அறையில் பூட்டினாள். நான்கு பெரிய அண்டாக்களையும் ஒரு நாள் முழுக்க, இருபத்து நாலு மணி நேரம், எதற்கும் தொடாமல் ஆற விட்டாள். அப்படி ஆறினால்தான் கொதிநீரில் முக்கிச் சுத்தமாக்க முடியும், சட்டம் அது. புதன்கிழமை முக்கி எடுத்து, துடைத்து, வெள்ளித்தாள் சுற்றி நாடா ஒட்டினாள். அடுப்பை உச்ச சூட்டில் சிவக்க விட்டாள். மேடைகளில் கொதிநீர் ஊற்றினாள். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்தன. வியாழன் காலை இறைச்சிக்கு மசாலா தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கதவில் தாளை ஒட்டினாள்: "பஸ்காவுக்குத் தயார். பெ. கெர்ஷன்." பூட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் சொந்த வீட்டைச் சுத்தம் செய்யப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வந்து கதவைத் திறந்ததும் பட்டை வாசனை அடித்தது.

மேடையின் நடுவில் ஒரு தட்டு. தட்டில் ஆறு பன், மேலே சர்க்கரைப் பாகில் சிலுவை போட்ட, உலர்ந்த திராட்சை வைத்த, உப்பிப் பளபளக்கும் ஆறு ஈஸ்டர் பன். பக்கத்தில் ஒரு அட்டை: "எங்கள் பெரிய வியாழன் பஸ்கா விருந்துக்கு உங்கள் அழகான சமையலறையைத் தந்ததற்கு மிக்க நன்றி! மாணவர் ஊழியக் குழு." கடைசியில் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தார்கள்.

பெய்லா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அடுப்பைத் திறந்தாள்; அடித்தட்டில் துணுக்குகள். குளிர்பெட்டியைத் திறந்தாள், மேல்தட்டில் யாரோ வைத்திருந்த, கோஷர் அல்லாத கடை ஆட்டுத்தொடையின் இரத்தம் வடிந்து, அவள் மசாலா தடவிய இறைச்சியின் மேல் கட்டியிருந்தது. அண்டாக்கள் நான்கும் வெள்ளித்தாள் சுற்றி அடுக்கில் இருந்தன. ஆனால் நாடா அவள் ஒட்டும் விதத்தில் இல்லை. பிரித்தாள். உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். கைப்பிடியின் இடுக்கில் ஒரு பார்லி மணி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மணியைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று கோபம் இரட்டிப்பானது.

மத ஊழிய அலுவலகம் புல்வெளிக்கு எதிர்ப்பக்கம். ஃபாதர் மல்வானிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், இயேசு சபைக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புனித வெள்ளி உபவாசம், வெறும் வயிறு, முகம் வெளுத்திருந்தது. பெய்லா தட்டோடு உள்ளே போய் மேசையில் வைத்தாள்.

"மிசஸ் கெர்ஷன்! பிடிச்சிருந்ததா?" என்று எழுந்தார் அவர்.

"யாரு சமைச்சா ஃபாதர்?"

"பசங்கதான். பெரிய கூடத்தப் பூட்டிட்டாங்களா, வேற அடுப்பு இல்ல. நாலு மணிக்கு ஆரம்பிச்சோம், பூசைக்கு முன்னாடி முடிச்சிட்டோம். ரொம்ப ஜாக்கிரதையா இருந்தோம். நீங்க பஸ்காவுக்குன்னு தனியா சுத்தி வச்சிருந்த அண்டாவத்தான் எடுத்தோம், மத்தத எதையும் தொடல. மரியாதையா இருக்கட்டும்னு."

"மரியாதையா." பெய்லா ஒருமுறை மூச்சு விட்டாள். "அதுல என்ன வச்சீங்க?"

"ஆட்டுக்கறியும் பார்லியும். கொஞ்சம் வெண்ணெய்."

"வெண்ணெயுமா! எதையாவது மிச்சம் வச்சீங்களா?"

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "நம்ம ஆண்டவரும் கடைசி ராத்திரி இதத்தான சாப்பிட்டார்? பசங்களுக்கு அதக் காட்டணும்னு…"

"அவரு பன்னு சாப்பிடல ஃபாதர்!" என்று பெய்லா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அவரு எங்க ஆளு. எங்கம்மா மாதிரி ஒரு அம்மா வீடு பூரா தேடித் துடைச்சிருப்பா. நீங்க அவர் பேரச் சொல்லி என் அடுப்புல புளிச்ச மாவ வச்சிருக்கீங்க. நேத்து நீங்க கழுவி வச்ச நேரத்துலேர்ந்து இந்த அண்டா இருபத்து நாலு மணி நேரம் ஆறணும், அதுக்கே சாயங்காலம் ஆறரை ஆயிடும். அப்புறம்தான் சுத்தம் பண்ண முடியும். இன்னிக்குச் சூரியன் ஏழரைக்கு விழுது. நாப்பத்திரண்டு பேருக்கு நான் எதுல ஆக்கட்டும்? உங்க தொப்பியிலயா?"

ஃபாதர் மல்வானி மெதுவாக உட்கார்ந்தார். மெத்தப் படித்தவர்தான்; ஆனால் எல்லாம் புரிந்த அந்த நிமிடத்தில் அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகமாகிவிட்டது. "நான் கேட்டுட்டுத்தான் செஞ்சேன் மிசஸ் கெர்ஷன். சத்தியமா. டாக்டர் ஹால்பர்ன்தான் சாவி கொடுத்தார்."

பெய்லா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தச் சமையலறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் கழுத்துச் சங்கிலியில். இன்னொன்று யூதவியல் மையத்தின் இயக்குநர் ஸ்டூவர்ட் ஹால்பர்னிடம். தீப்பிடித்தால் திறப்பதற்கு என்று சொல்லிக் கொடுத்தது. இருவேறு மதத்தார் ஒரே மேசையில் அமர்வதைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர் அவர். யூதச் சட்டத்தில் உணவு என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவர். யூதருக்கு விலக்கான இறாலை அவர் வெளியில் சாப்பிடுவது பெய்லாவுக்குத் தெரியும், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவருக்கும் மேலே இருக்கிறவருக்கும் உள்ள விவகாரம். வேற்று மதத்து இளைஞர் தெரியாமல் செய்ததைத் தாங்கலாம். தெரிந்த மனிதர் செய்தால்?

மையத்தின் அலுவலகத்தில் ஹால்பர்ன் இரவு விருந்தில் வாசிப்பதற்கான பக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் விருந்தைத் தலைமை தாங்கி நடத்துவது அவர்தான். அவளைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க பெய்லா."

"நிக்கறேன். ஏன் கொடுத்தீங்க?"

"ஒரு சாயங்காலம். ரெண்டு மணி நேரம். அவங்க வீட்லதான நாம இருக்கோம்? எப்பவும் முடியாது, முடியாதுன்னே சொல்லிக்கிட்டிருந்தா எப்படி? வருஷ அறிக்கையில போட ரெண்டு நல்ல படம் கிடைக்கும்னும் நெனச்சேன்."

"என்கிட்ட கேக்க வேணாமா?"

"கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்! அதுக்குத்தான கேக்கறது!"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், வகுப்பில் நல்ல மாணவனுக்கு மதிப்பெண் குறைத்ததை விளக்குவது போலச் சொன்னார்: "இப்ப ஆனது ஆயிடுச்சு. அடுப்பை இன்னொரு தடவ கொளுத்துங்க. அண்டாவுல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துங்க. இறைச்சியக் கழுவிடலாம். கதவுல அந்தத் தாள் அப்படியே இருக்கட்டும். புள்ளைங்களுக்குச் சூடா சாப்பாடு கிடைக்கணும். இருபத்து நாலு மணி நேரம், பதினாலு மணி நேரம்… இதெல்லாம் யார் கணக்குப் பார்க்கப் போறா?"

பெய்லா அவர் மேசை மேலிருந்த தொலைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "தாலியாவோட அப்பா நம்பர் எனக்கு மனப்பாடம். போட்டுத் தரேன். இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க."

ஹால்பர்ன் தொலைபேசியைத் தொடவில்லை.

"பத்தொம்பது வருஷமா இந்த மையத்த ஒவ்வொரு கல்லா எடுத்து வச்சேன் பெய்லா. ஒரு அண்டாவுக்காக அதை உடைச்சிடாதீங்க."

"உடைச்சது நானா?" அவள் குரல் இறங்கிவிட்டது. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயம். "கேட்டுக்கங்க. தாள நான் இப்பவே கிழிக்கிறேன். ராத்திரி சின்னவங்க கேள்வி கேப்பாங்க. ஏன் இறைச்சி இல்ல, ஏன் காகிதத் தட்டுன்னு கேப்பாங்க. பதில நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும், எல்லார் முன்னாலயும். சொல்லலேன்னா பண்டிகை முடிஞ்ச மறுநாள் என் கழுத்துல இருக்கற சாவியும் உங்க மேசைக்கு வந்துடும். அப்புறம் அந்தக் கதவுல யார் கையெழுத்துப் போடுவா, அத நம்பி யார் சாப்பிடுவான்னு நீங்களே பாருங்க."

சமையலறைக்குத் திரும்பி வந்து தாளைக் கிழித்தாள். பசை நன்றாக ஒட்டியிருந்ததால் பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டினாள். உரிந்த விரல் நுனி எரிந்தது. சுரண்டிக்கொண்டே யித்திஷ் மொழியில் அவள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

பிறகு பெட்டி உடைக்காத, புளிப்பில்லாத மட்சா அப்பங்களையும் திராட்சை ரசப் புட்டிகளையும் மூட்டை கட்டிய உருளைக்கிழங்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் பஸ்காவுக்கென்று இருந்தது எட்டு லிட்டர் பாத்திரம் ஒன்று, நன்றாக எரிகிற அடுப்பு இரண்டு. முட்டையை அவித்தாள், இறக்கினாள். உருளைக்கிழங்கை அவித்தாள், இறக்கினாள். மறுபடியும் முட்டை, மறுபடியும் கிழங்கு. விருந்தில் கசப்புக்கு வைக்கும் காரமுள்ளங்கியைச் சீவும்போது கண்ணில் நீர் வழிந்தது. கேட்டால் முள்ளங்கி என்று சொல்ல வசதியாக இருந்தது. கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. பாத்திரத்தைப் பார்த்துத் திட்டினாள், ஹால்பர்னைத் திட்டினாள், இரண்டாவது சாவியை அவரிடம் கொடுத்த நாளில் தலையாட்டிய தன்னையும் திட்டினாள்.

ஏழேகாலுக்கு மெழுகுவர்த்திகள் ஏற்றியாகிவிட்டது. கருத்தரங்கக் கூடத்தில் ஆறு மேசைகள். காகிதத் தட்டுகள். ஓய்வுநாளும் பண்டிகையும் சேர்ந்துவிட்டதால் ஒலிபெருக்கி கிடையாது, படம் எடுக்கவும் கூடாது. ஹால்பர்ன் தலைமேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வியர்வை. ஃபாதர் மல்வானியும் வந்திருந்தார், மூன்று மணி வழிபாட்டை முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே. உபவாச நாளில் அவருக்கு இறைச்சி ஆகாது. அன்றைய சாப்பாடு பொருந்திய ஒரே ஆள் அவர்தான்.

பஸ்கா விருந்தில் வயதில் சிறியவர் கேள்வி கேட்பதும் பெரியவர்கள் பதில் சொல்வதும் வழக்கம். கேள்விகள் புத்தகத்திலேயே இருக்கின்றன. மாணவர்கள் சார்பில் தாலியா அவற்றைப் பாடி முடித்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"பெய்லா ஆன்ட்டி, சமையலறைக் கதவுல உங்க தாளக் காணோமே. நேத்து மத்தியானம் இருந்துச்சு. என்ன ஆச்சு?"

நாற்பத்தோரு தலைகள் பெய்லா பக்கம் திரும்பின. பெய்லா ஹால்பர்னைப் பார்த்தாள். அவர் கிழங்கைத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். கிழவர் ஒருவர் இருமினார். ஹால்பர்ன் பக்கத்தைப் புரட்டி, வாசிக்கத் தொடங்குவது போல விரலை வைத்தார்.

ஃபாதர் மல்வானி எழுந்தார். "அது என்னோட தப்பு. நான்தான் நேத்து…"

"உக்காருங்க ஃபாதர்" என்றாள் பெய்லா. "உங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்கள நான் கேக்கல."

அவர் உட்கார்ந்தார். பெய்லா கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். சின்ன சத்தம்தான், தலைமேசை வரை கேட்டது.

ஹால்பர்ன் தலை நிமிரவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே, உதடு அசைகிற அளவுக்கு, "சாவியக் கொடுத்தது நான்" என்றார்.

"கடைசி மேசைக்குக் கேக்கல டாக்டர்" என்றாள் பெய்லா கெர்ஷன். "எழுந்து நின்னு சொல்லுங்க."

ஹால்பர்ன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.